பிளஸ் ஒன் சேர்ந்ததும் கோ-கோ, என்எஸ்எஸ் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

குற்றாலச்சாரல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் மகள் இந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். ஊரிலேயே இருக்கிற அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பயாலஜி குரூப். எட்டாம் வகுப்பிலிருந்தே கோ-கோ ஆடுகிறாள், போன வருடம் குறுவட்டத்தில் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற முதல் கட்டம்) ஜெயித்து மாவட்டப் போட்டி வரை போய்வந்தார்கள். இப்போது பி.டி. டீச்சர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதோடு என்எஸ்எஸ்ஸில், அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில், பெயர் கொடுக்கப் போகிறேன் என்கிறாள், தமிழ் மன்றத்திலும் ஏதோ பொறுப்பு கொடுத்திருக்கிறார்களாம்.

என் அண்ணன், மாமனார், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். பத்தாவதோடு ஆட்டபாட்டம் போதும், இனி ரெண்டு வருஷம் வேறு நினைப்பே இல்லாமல் படித்தால்தான் தேறும் என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிக்கூடம் போக யாரும் எழுப்பிவிட வேண்டியதில்லாத பிள்ளை அவள். ஏழரை மணிக்கே கிளம்பி, சாயங்காலம் முழங்காலில் செம்மண்ணோடு வந்து, தட்டில் சோறு போடுவதற்குள் அன்றைக்கு நடந்தது அத்தனையையும் கொட்டிவிடுவாள். இந்தக் கலகலப்பைப் பிடுங்கிக்கொண்டு மார்க் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்கள் பயமும் புரிகிறது, எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போட்டிகள் எந்த மாதத்தில் வரும், பரீட்சையோடு மோதுமா? என்எஸ்எஸ் முகாம் என்று ஏழு நாள் வெளியில் தங்க வேண்டுமாமே, பெண்பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? இதையெல்லாம் செய்துகொண்டே படித்தவர்கள் இருந்தால், உங்கள் நாள் எப்படிப் போனது என்று விவரமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

மைதானம்மண் எழுதியது:

நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். உங்கள் கேள்விக்கே நேராக வருகிறேன். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் முடிந்துவிடும். அங்கே ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் முதலிடம் வந்தால் மாநிலம். பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயரில் நடப்பதால் எல்லாமே டிசம்பர், ஜனவரியில் பரீட்சை நேரத்தில் வந்து நிற்கும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். மாநிலம் வரை போகிற அணிக்குத்தான் அரையாண்டுத் தேர்வுப் பக்கம் கொஞ்சம் நெருக்கடி வரும். மற்றவர்களுக்குக் காலாண்டோடு ஆட்டம் முடிந்துவிடும், அப்புறம் பிராக்டிகலுக்கும் பொதுத்தேர்வுக்கும் வேண்டிய நேரம் இருக்கிறது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டதும் உங்களுக்குச் சாதகம். 2017-18இல் அதைக் கொண்டுவந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டுக்குத் தாவிக்கொண்டிருந்தன. அந்தப் பழக்கம் திரும்ப வந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் இல்லாமல் எந்த நுழைவுத் தேர்வையும் பார்க்க முடியாது. ஆனால் பிள்ளைக்கு மூச்சு விட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை.

இன்னொரு விஷயம், பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது: பிளஸ் டூவில் பாடத்துக்குப் பத்து மதிப்பெண் அகமதிப்பீடு இருக்கிறதல்லவா, அதில் இரண்டு மதிப்பெண் மன்றம், விளையாட்டு, என்எஸ்எஸ் போன்ற கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத்தான். வருகைக்கும் தனியாக இரண்டு உண்டு. நீங்கள் ஆட்டபாட்டம் என்று சொல்வதை மதிப்பெண் பட்டியலே படிப்பின் பகுதியாகத்தான் எண்ணுகிறது.

கோ-கோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி துரத்துவாள். துரத்துகிறவள் வந்த வழியே திரும்பி ஓடக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. எதிராளி அந்தப் பக்கம் நழுவினால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' சொல்லி எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார வேண்டும். எவ்வளவு வேகமான பிள்ளையாக இருந்தாலும் தனி ஆளாக ஆட்டத்தை முடிக்க முடியாது. எப்போது ஓடுவது, எப்போது அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்து உட்காருவது என்று அரை நொடியில் முடிவெடுக்கப் பழகிய பிள்ளை பரீட்சை ஹாலில் பதறாது. 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது, பெண்கள் பிரிவிலும் ஆண்கள் பிரிவிலும் நேபாளத்தை வென்று இந்தியாதான் கோப்பையை எடுத்தது. எங்கள் பிள்ளைகள் அந்த இறுதிப் போட்டியைச் செல்போனில் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வெண்ணிலா_அம்மா எழுதியது:

சார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் பெரிய மகள் மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு எழுதினாள். மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதற்குத் தயாராகும் பிள்ளைக்கு ஒரு மணி நேரமும் கணக்குத்தான். காலையில் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி என்று மைதானத்தில் இரண்டு மணி நேரம் போய்விட்டால், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் கண் சொக்கிவிடும். டியூஷனுக்கு அனுப்பப் பணம் இருக்கிற வீட்டில் விட்டதைப் பிடித்துவிடலாம். இல்லாத வீட்டில் வகுப்பில் சொல்வதுதான் எல்லாம், போட்டிக்குப் போன நாளில் நடந்த பாடம் போனது போனதுதான்.

மாவட்டப் போட்டி முடிந்து பஸ் பிடித்து வர இருட்டிவிடுகிறது, பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற அம்மாவின் நிலையையும் யோசியுங்கள். சந்தோஷம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்று தெரியாமல் எல்லாரும் விளையாட விடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒசூர்வாசி எழுதியது:

வெண்ணிலா அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, நான் அந்த இன்னொரு பாதையில் போனவன் என்பதால் எழுதுகிறேன். பத்தாவதில் நல்ல மார்க் என்று என்னை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். விடிவதற்கு முன் எழுப்பி ஸ்டடி ஹாலில் உட்கார வைப்பார்கள், இரவு பத்தரைக்குத்தான் விளக்கு அணையும். டைம் டேபிளில் பி.டி. பீரியட் என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் கணக்கு டெஸ்ட் நடக்கும். பின்பக்கம் பெரிய மைதானம், புல் முளைத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா வந்தால்கூட மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சு.

மார்க் வந்தது, என்ஜினியரிங் படித்தேன், இப்போது வேலையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி முதல் வருடம் நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள் என்றால் எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மேடையில் நின்று ஒரு வார்த்தை பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னோடு படித்த, கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையன், பள்ளியில் என்சிசி (தேசிய மாணவர் படை), மன்றத் தலைவன் எல்லாம் செய்தவன், என்னைவிட மார்க் குறைவு, ஆனால் டிபார்ட்மென்ட் விழா என்றால் ஹால் வாடகையிலிருந்து பந்தி வரைக்கும் அவன்தான் நின்று பார்ப்பான். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவனுக்கு ராத்திரி முழுக்கச் சொல்ல விஷயம் இருந்தது. எனக்குச் சொல்ல மார்க்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த வயதில் கிடைக்க வேண்டிய தோழமை அந்த வயதில்தான் கிடைக்கும், பிறகு சம்பளம் வாங்கி அதை ஈடுகட்ட முடியாது.

அண்ணா, உங்கள் மகள் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

பன்னிரண்டு_ஆ எழுதியது:

நான் இப்போது பிளஸ் டூ படிக்கிறேன், நாகர்கோவில் பக்கம். மாமா என் நாள் எப்படிப் போகுது என்று கேட்டதால் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் போய்விடுவேன். நான் விளையாட்டு இல்லை, எனக்கு மேடைதான். போன வருடம் ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு வில்லுப்பாட்டு போட்டோம். வில், உடுக்கை, குடம் எல்லாம் ஊரில் ஒரு தாத்தாவிடம் போய்க் கேட்டு வாங்கினோம், அவரே இரண்டு வாரம் வந்து சொல்லிக்கொடுத்தார். எனக்குக் குடம். குடத்தின் வாயில் பத்தி என்கிற தட்டையான மட்டையால் அடிக்க வேண்டும், பலமாக அடித்தால் உடைந்துவிடும், மெதுவாக அடித்தால் சத்தம் வெளியே வராது. மணிக்கட்டு வலி போகவே நாளானது. பாட்டை நாங்களே எழுதினோம், குளத்தை ஆக்கிரமித்த கதை, தமிழ் ஐயா சீர் பார்த்துத் திருத்தினார். கலைத் திருவிழாவிலும் எங்கள் பள்ளி வட்டார அளவில் ஜெயித்து மாவட்டம் போனது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் இது நடக்கிறது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும், மாநிலத்தில் முதலாவது வந்தால் கலையரசன், கலையரசி பட்டம்.

படிப்பும் கலகலப்பாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் கெமிஸ்ட்ரி லேப். பர்மாங்கனேட் டைட்ரேஷனில் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும், நிறம் வரும், மறையும், வரும், மறையும், ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு சொட்டுக்காக நானும் என் கூட்டாளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் வந்தால் லேப் முழுக்கக் கூட்டம் கூடிவிடும். மத்தியானம் ஆறேழு பேர் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் யார் சாப்பாட்டை யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது. ஒருத்தி மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தால் அன்றைக்கு அவள் வெறும் பாக்ஸைத்தான் பார்ப்பாள்.

வெண்ணிலா அத்தை சொன்னது போல விட்டுப்போன பாடம் ஒரு பிரச்சினைதான். நாங்கள் அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒத்திகைக்குப் போகிறவளின் நோட்டை வகுப்பில் இருக்கிற ஒருத்தி எழுதிவிடுவாள், மறுநாள் காலை அரை மணி நேரம் சொல்லியும் கொடுப்பாள். சொல்லிக் கொடுக்கிறவளுக்குத்தான் பாடம் நன்றாகப் பதிகிறது என்று இயற்பியல் மிஸ் சொல்வார். அரையாண்டில் எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் யாரும் ஃபெயில் இல்லை.

முகாம்_மணி எழுதியது:

என்எஸ்எஸ் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, நான் சொல்கிறேன். பிளஸ் டூ வரை தன்னார்வலராக இருந்தேன், இப்போது ஒரு பள்ளியில் திட்ட அலுவலர். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. சின்னத்தில் இருப்பது கோனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம்.

சிறப்பு முகாம் ஏழு நாள், வழக்கமாகக் காலாண்டு விடுமுறையில், பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். பெண்கள் பள்ளி என்றால் ஆசிரியைகள் கூடவே தங்குவார்கள், பெற்றோரின் சம்மதக் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம், ஊர்த் தலைவர், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவோம். நீங்கள் ஒரு நாள் வந்து நேரில் பார்க்கலாம், நிறைய அப்பாக்கள் வருகிறார்கள்.

விடியற்காலை எழுந்து உடற்பயிற்சி, கொடியேற்றம், கஞ்சியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு வேலை. சீமைக் கருவேலம் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது. மத்தியானத்துக்கு மேல் யாராவது மருத்துவரோ வங்கி அதிகாரியோ வந்து பேசுவார்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பு. பிள்ளைகள் மாறுவது அங்கேதான் என்பது என் எண்ணம். நான் மாணவனாக இருந்தபோது ஒரு வீட்டில் தனியாக இருந்த பாட்டிக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியவில்லை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம், எந்தப் பெட்டியில் என்ன நிரப்புவது என்று எங்களுக்கும் தெரியாது, ஊராட்சிச் செயலரிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்தோம். இன்றைக்கு என் மாணவர்கள் அதையே செய்யும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், தாங்கள் படித்த படிப்பு ஒருவருக்குப் பயன்படுகிறது என்று முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறார்கள். வீட்டில் காபி டம்ளரைக் கழுவி வைக்காத பையன் நாற்பது பேருக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த பந்திக்கு இலை போட ஓடுவான்.

ஏழாம் நாள் மாலை ஊர்க்காரர்கள் முன்னால் கலை நிகழ்ச்சி, ராத்திரி தீமூட்டி உட்கார்ந்தால் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

யாழ்ப்பனை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் இதே வாக்குவாதம்தான், உயர்தரம் (உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) தொடங்கியதும் பிள்ளையை ரியூசனிலேயே குடியிருத்திவிடுவார்கள். காலையில் ஒரு இடம், பின்னேரம் ஒரு இடம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி என்ற கதைதான் வீடு முழுக்க. ஆனால் ஒன்றை மட்டும் எந்தப் பெற்றோரும் தொட மாட்டார்கள், அது பள்ளியின் இல்லங்களுக்கு இடையே நடக்கும் மெய்வல்லுநர் (தடகள) போட்டி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஓர் இல்லத்தைச் சேர்ந்தவர்கள், ஓடத் தெரியாதவனுக்கும் அங்கே வேலை இருக்கும். அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, அஞ்சல் ஓட்டம், எல்லாவற்றுக்கும் மேலே இல்ல அலங்காரம். கிடுகு, தென்னோலை, பனையோலை, பழைய பெட்டி, கடதாசி என்று கைக்குக் கிடைத்ததை வைத்துக் கோபுரமோ கப்பலோ எழுப்பிவிடுவார்கள். இல்லத் தலைவர் பொறுப்பு உயர்தர மாணவருக்குத்தான், சின்னப் பிள்ளைகளை ஓட்டத்துக்குப் பழக்குவதும் அழுகிறவனைத் தேற்றுவதும் அவர்தான்.

தமிழ்மொழித் தினப் போட்டியும் அப்படித்தான், கோட்டம், வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டம். நான் நாட்டுக்கூத்தில் ஆடினேன், உயிரியல் பிரிவு, பல்கலைக்கழகமும் போனேன். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெரும்போர் என்ற கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது, யுத்தத்திலும் இடம்பெயர்விலும் விட்டுப்போன வருடங்கள் உண்டு, ஆனால் நிலைமை கொஞ்சம் சீரானதும் பெடியன்கள் திரும்பவும் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் அம்மாமாருக்கு இருந்த பயத்துக்கு முன்னால் ரியூசன் நேரம் போகுது என்பது ஒரு பயமே இல்லை, அவர்களே எங்களை விளையாட அனுப்பினார்கள். அதை நினைக்கும்போது இப்போதைய பெற்றோரிடம் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

வெண்ணிலா_அம்மா எழுதியது:

பன்னிரண்டு_ஆ, உன் நோட்டு ஏற்பாடு நன்றாக இருக்கிறதம்மா, இதை எல்லாப் பள்ளியிலும் செய்யலாம். நீட் எழுதுகிற பிள்ளைக்கு இரண்டாவது வருடம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது, 2021இலிருந்து பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. பயந்துபோய்ப் பிள்ளையைத் தனியார் விடுதிக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள் அண்ணா, அந்த உரிமை போய்விடும்.

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இழை முழுவதையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன், அண்ணன் பாத்திரம் தேய்க்கிற பையன் கதையில் சிரித்துவிட்டார். மகளிடம் என்ன படிக்க ஆசை என்று உட்கார வைத்துக் கேட்டேன். நர்சிங், இல்லையென்றால் உடற்கல்வி என்றாள். இந்த வருடம் கோ-கோவும் என்எஸ்எஸ்ஸும் இரண்டும் இருக்கட்டும், தமிழ் மன்றத்துக்கு மாதத்தில் ஒரு கூட்டம்தானாம், அதுவும் இருக்கட்டும். பிளஸ் டூ காலாண்டு முடிந்ததும் திரும்ப உட்கார்ந்து பேசலாம் என்று முடிவு. போட்டி நாளில் இருட்டினால் நானே பைக்கில் போய் அழைத்து வந்துவிடுவேன், கூட வருகிற இரண்டு பிள்ளைகளின் அப்பாக்களிடமும் பேசிவிட்டேன், முறை வைத்துக்கொள்வோம்.

மைதானம்மண் சார், ஒரே ஒரு கேள்வி. விளையாட்டு ஒதுக்கீடு என்கிறார்களே, இந்தச் சான்றிதழ் அதற்கு உதவுமா? ஷூ வாங்க வேண்டுமா?

மைதானம்மண் எழுதியது:

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது, அரசு வேலையிலும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் மாவட்டச் சான்றிதழை நம்பி அந்தக் கணக்குப் போடாதீர்கள், மாநிலம், தேசியம் என்று போனால்தான் அதற்கு எடை. அவள் ஆடுவது பிடித்திருக்கிறது என்பதற்காக ஆடட்டும்.

ஷூ அவசரமில்லை, மண் தரையில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். முழங்கால் பட்டை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போதும் பாய்ந்து தொடும்போதும் சிராய்க்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ மூன்றையும் இப்போதே டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், குறுவட்டத்துக்கு முதல் நாள் எல்லாரும் ஜெராக்ஸ் கடையில் நிற்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள், இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி ஊறவைத்த நிலக்கடலை போதும்.

பன்னிரண்டு_ஆ எழுதியது:

மாமா, தங்கச்சி அணி குறுவட்டத்தில் ஜெயித்தால் இங்கேயே வந்து எழுதுங்கள். தோற்றாலும் எழுதுங்கள்.